கூட்டரசு நீதிமன்றமும் அத்தையின் பிஸ்கட் டின்னும்

வணக்கம் ஐயா.

நான் கோலாலம்பூரில் சட்டம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. மலேசிய நீதிமன்றங்களின் உச்சியில் இருக்கும் கூட்டரசு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டுமா என்று வகுப்பில் ஒரு விவாதம். வேண்டும் என்கிற அணியில் நான் பேசுகிறேன். நாடாளுமன்றத்தின் மக்களவையில் இருக்கும் 222 பேரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். நீதிபதிகள் யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள். நீதித்துறையின் அதிகாரத்தை அரசமைப்புத் திருத்தத்தால்கூடப் பறிக்க முடியாது என்று 2017இல் செமினி ஜெயா வழக்கில் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். 1973இல் இந்தியாவில் கேசவானந்த பாரதி வழக்கில் வந்த வாதம்தான் இதுவும். தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும் நீதிமன்றத்தை யார் கட்டுப்படுத்துவது? மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு நாடாளுமன்றம் ஒரு தீர்ப்பை ரத்து செய்யலாம் என்று வைத்தால் என்ன தவறு? தன் தீர்ப்பைத் தானே மறுஆய்வு செய்ய நீதிமன்றத்துக்கு இருக்கும் 137ஆம் விதி போதுமா? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள மாணவிக்கு,

நீ என் கடைசி மகளைவிடச் சின்னவள். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரம் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் போல் புத்தகம் படித்து இல்லை. வீட்டை ஒழிக்கும்போது அத்தையின் பிஸ்கட் டின் கிடைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘யாரும் தேர்ந்தெடுக்காதவர்கள்’ என்பதை எங்கே பொறுக்கினாய்? அரசமைப்பின் 122பி பிரிவைத் திறந்து பார். பிரதமர் ஆலோசனை சொல்கிறார், சுல்தான்கள் முதலான மாநில ஆட்சியாளர்களின் மாநாட்டைக் கலந்த பிறகு மாமன்னர் நியமிக்கிறார். நீ ஓட்டுப் போட்ட ஆளின் கை அதில் இருக்கிறது. 66 வயதானால், மிஞ்சிப்போனால் இன்னும் ஆறு மாதம், அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்கும் மேலே, யாராவது வழக்குப் போட்டு வாசலுக்கு வராதவரை அவர்களால் ஒரு வரி எழுத முடியாது. எந்த மந்திரிக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு, சொல்.

செமினி ஜெயாவில் நீ தலைப்பை மட்டும்தான் படித்திருக்கிறாய். நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதுதான் வழக்கு. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 40டி என்று ஒரு பிரிவு இருந்தது. நீதிபதியின் பக்கத்தில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் உட்காருவார்கள். இருவரும் ஒரே தொகையைச் சொன்னால் நீதிபதி அதை எழுதியாக வேண்டும். வேறு வேறு தொகை சொன்னால் இரண்டில் ஒன்றைப் பொறுக்கலாம். அவ்வளவுதான் நீதிபதியின் வேலை! மேல்முறையீடும் கிடையாது. அந்தப் பிரிவைத்தான் செல்லாது என்றார்கள். நிலம் பறிகொடுத்தவன் இனிமேல் தன் கணக்கை ஒரு நீதிபதியிடம் சொல்லலாம். இதையா அதிகாரப் பசி என்கிறாய்?

எல்லை போட்டும் பார்த்தாகிவிட்டது அம்மா, நீ பிறப்பதற்கு முன்னாலேயே. 1988 வரைக்கும் 121ஆம் பிரிவில், நாட்டின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த ஆண்டு அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரம்தான் அவர்களுக்கு என்று மாற்றினார்கள். அதே ஆண்டில் நீதித்துறைத் தலைவர் சாலே அபாஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவரோடு உச்சநீதிமன்ற (கூட்டரசு நீதிமன்றத்துக்கு அப்போது அதுதான் பெயர்) நீதிபதிகள் இன்னும் இரண்டு பேர் போனார்கள். இருபது ஆண்டு கழித்து, 2008இல், அரசாங்கம் கருணைத் தொகை கொடுத்தது. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றில் இரண்டு பங்கு யோசனையை மறந்துவிடு. 2008 தேர்தல் வரை பெரும்பாலான காலம் அந்த மூன்றில் இரண்டு ஒரே கூட்டணியின் சட்டைப் பையில்தான் இருந்தது. 137ஆம் விதியை உன் விரிவுரையாளரிடம் கேள், அவருக்கும் வேலை இருக்கட்டும்.

இப்போது அத்தை.

அப்பா பினாங்குத் தீவில் ஒரு கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரிட்டர். தோட்டத்துச் சண்டையையும் கள்ளுக்கடைச் சண்டையையும் நாளெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் எந்த மொழியிலும் பேசமாட்டார். 1974இல் அவர் தங்கையே அங்கே வந்து நின்றார். புருஷன் லாரி ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போய்விட்டான். தங்கை வழக்கு என்பதால் அன்று வேறொருவர் மொழிபெயர்த்தார், அப்பா வெளியே வராந்தாவில் நின்றார். மாதம் அறுபது வெள்ளி ஜீவனாம்சம் கொடு என்று மாஜிஸ்திரேட் சொன்னார். அவன் கையைக் கட்டிக்கொண்டு “சரிங்க ஐயா” என்றான். அப்பா அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்தார். எனக்குப் பதினான்கு வயது, ஜிலேபி ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் பணம் வந்தது. அப்புறம் அவன் ஊர் மாறினான். அத்தை அதற்குள் பட்டவொர்த் பாகான் டாலாமில் தாய் வீட்டோடு போய்விட்டார். விடியற்காலையில் புட்டு மாயம் (இடியாப்பம்தான்) அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துப் பொட்டலம் கட்டி விற்றுவிட்டு, ஃபெரி ஏறி கோர்ட்டுக்கு வருவார். மனு, வாரண்ட். அவன் இருந்த ஊர் போலீஸ் நிலையத்திலிருந்து பதில் வரும், அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று. புது விலாசம் நீயே கண்டுபிடித்துக் கொண்டுவா என்பார்கள். அத்தை கண்டுபிடிப்பார். வாரண்ட் போய்ச் சேருவதற்குள் லாரி வேறு ஊரில் நிற்கும். அப்போதெல்லாம் பட்டவொர்த்திலிருந்து தீவுக்கு வரத்தான் ஃபெரியில் காசு வாங்குவார்கள், திரும்பிப் போக வாங்கமாட்டார்கள். “நியாயம் கேக்கப் போறதுக்குத்தான் துட்டு, வெறுங்கையோட வர்றதுக்குச் சும்மா விட்டுர்றான்” என்று அத்தை சிரிப்பார். அப்பா சிரித்ததில்லை.

தீர்ப்பில் ஒரு குறையும் கிடையாது, அதைக் கவனி. நல்ல மாஜிஸ்திரேட், சரியான சட்டம், நியாயமான தொகை. போய்ப் பிடிக்கத்தான் ஆளில்லை.

இது கீழ்க்கோர்ட்டுக் கதை, உச்சியில் இருப்பதற்கு இது பொருந்தாது என்பாய். இந்திரா காந்தி வழக்கைப் படித்திருப்பாயே. (பெயரைக் கேட்டு இந்தியப் பிரதமரின் வழக்கு என்று நினைத்த தம்பி ஒருவரை எனக்குத் தெரியும்.) ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாறி, தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் கொடுத்தது. ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவு தகப்பன் பக்கம் இருந்தது. இரண்டு உத்தரவுக்கும் நடுவில் நாங்கள் என்ன செய்ய என்றது போலீஸ். 2016இல் கூட்டரசு நீதிமன்றமே போலீஸ் படைத் தலைவருக்கு, தகப்பனைப் பிடிக்கும் வாரண்டை நிறைவேற்று என்று உத்தரவிட்டது. 2018 ஜனவரி 29இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்றார்கள். நாட்டில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டு இல்லை. அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. தாயிடம் இல்லை.

அந்தச் செய்தி வந்தபோது அத்தை என் வீட்டில்தான் இருந்தார், எழுபத்தெட்டு வயது. தொலைக்காட்சியில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது.

“புள்ளைய குடுத்துட்டாங்களா?” என்றார்.

“தீர்ப்பு வந்திருக்கு அத்தை. ஜெயிச்சிட்டாங்க.”

“தீர்ப்பு கெடக்கட்டும்யா. புள்ள எங்க?”

நான் 2016, 2018 என்று விளக்கத் தொடங்கினேன். அத்தை எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

உன் கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது. நீ அதே அணியில் பேசு, அணி மாறச் சொல்லவில்லை. ஆனால் எல்லை என்று நீ அடுக்கும் பட்டியலில், கிளம்பாமல் நிலையத்து வாசலிலேயே நிற்கும் போலீஸ் ஜீப்பையும் சேர்த்துக்கொள். அரசமைப்பில் எந்தப் பிரிவிலும் அது இல்லை, தேடாதே.

அப்புறம், உன் தமிழ் நன்றாக இருக்கிறது. ‘ர’வையும் ‘ற’வையும் மட்டும் பார்த்து எழுது, இங்கே நான் திருத்திப் போட்டிருக்கிறேன்.

டின்னில் அந்த 1974 உத்தரவுத் தாள் இருக்கிறது. ஓரம் பூச்சி அரித்திருந்தாலும் தொகை தெரிகிறது. கோர்ட்டுக்குப் போன தேதிகளை அத்தை பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். இடம் போதாமல், கடைசிச் சில தேதிகள் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தைச் சுற்றி முன்பக்கத்துக்கு வந்துவிட்டன. விவாதத்துக்குப் பயன்படும் என்றால் சொல், இரண்டு பக்கமும் நகல் எடுத்து அனுப்புகிறேன்.