கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளும் மூன்று லட்ச ரூபாய் பாண்டும்

கேள்வி: சொந்த ஊர் திண்டுக்கல். கல்லூரி வளாகத் தேர்வு மூலம் கோவையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 32 ஆயிரம். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். தொகையும் தேதியும் எழுதாத இரண்டு காசோலைகளில் கையெழுத்து வாங்கினார்கள். பட்டச் சான்றிதழின் அசலும் அவர்களிடம்தான் இருக்கிறது. இரவு பகலாக வேலை, மேலாளரின் ஏச்சு, அம்மாவின் அறுவை சிகிச்சைக்குக்கூட விடுப்பு கிடையாது. பதினான்காவது மாதத்தில் ராஜினாமா செய்தேன். 60 நாள் நோட்டீஸ் காலத்தில் 20 நாள் மட்டும் இருந்துவிட்டு, சென்னையில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்த 20 நாள் சம்பளமும் வரவில்லை. இப்போது 3 லட்சமும் அதற்கு ஜிஎஸ்டி 54 ஆயிரமும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பாண்ட் எல்லாம் செல்லாது, பதில்கூடப் போடாதே என்கிறார்கள் நண்பர்கள். கூடுதல் நேரம் உழைத்ததற்குச் சான்றாகச் சில புராஜெக்ட் கோப்புகளை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மேலாளரின் ஏச்சையும் மறுக்கப்பட்ட விடுப்பையும் ஒதுக்கி வையுங்கள். அது பாலியல் தொல்லையாக இருந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பது கடுஞ்சொல். பாண்ட் வழக்கில் அதைக் கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் நேரமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்களுக்காக நிறுவனம் உண்மையில் என்ன செலவு செய்தது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பாண்டில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். இரண்டு வார அறிமுக வகுப்பு நடத்திவிட்டு, மூன்றாவது வாரமே உங்களை வாடிக்கையாளர் வேலையில் உட்கார வைத்துக் காசு பார்த்திருந்தால், 3 லட்சத்துக்கு அவர்கள் கணக்குக் காட்டுவது கடினம். எந்தத் தேதியில் எந்தப் புராஜெக்டில் சேர்க்கப்பட்டீர்கள் என்பதற்கான கடிதத்தைத் தேடி எடுங்கள். உங்கள் பக்கத்தில் கனமான ஆவணம் அது ஒன்றுதான்.

பாண்டே செல்லாது என்ற நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் 27-ஆவது பிரிவுக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு பணிக்கான 2 லட்ச ரூபாய் பாண்டை அது உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை உங்களுக்கு வந்த நோட்டீஸிலும் மேற்கோள் காட்டியிருப்பார்கள். ஆனால் அது பொதுத்துறை வங்கி. ஒருவர் விலகினால் மறுபடி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும் என்ற செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. விலகியவரும் மூத்த மேலாளர். வளாகத் தேர்வில் மொத்தமாக ஆள் எடுக்கும் தனியார் நிறுவனம் அந்தத் தீர்ப்பை அப்படியே தன் மேல் போர்த்திக்கொள்ள முடியாது.

ஜிஎஸ்டி 54 ஆயிரத்துக்கு ஒரு வரி போதும். இடையில் விலகும் ஊழியர் கட்டும் பாண்ட் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்திவிட்டது. சான்றிதழும் அப்படியே. அடுத்தவர் பொருளைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வங்கியாளர் உள்ளிட்ட சிலருக்குத்தான் தருகிறது. அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை.

நான் அஞ்சுவது அந்த இரண்டு காசோலைகளைப் பற்றித்தான். கேள்வியில் அவற்றை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னிடம் வரும் இளைஞர்கள் பாண்டில் தோற்பதில்லை, காசோலையில்தான் மாட்டுகிறார்கள். பாண்டை நம்பி உரிமையியல் வழக்குப் போட்டால், நஷ்டத்தை நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் தலையில். அதே நிறுவனம் காசோலையில் 3 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பிவிட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு. அங்கே கடன் இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள். வெற்றுக் காசோலையாகத்தான் கொடுத்தேன் என்பது போதாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அந்த அனுமானம் பொருந்தும் என்பது 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று சிலர் தெம்பாக இருப்பார்கள். மூன்று மாதம் ஓடத் தொடங்குவது காசோலையில் எழுதிய தேதியிலிருந்து. உங்கள் காசோலைகளில் தேதியே இல்லை.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். காசோலை திரும்பிய 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும். எங்கே? நீங்கள் வேலையில் சேர்ந்தபோது கொடுத்த திண்டுக்கல் முகவரிக்கு. உங்கள் அப்பா தபால்காரரிடம் 'பெண் இங்கே இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார், தெருவில் யாருக்கும் தெரியக்கூடாதே என்ற பயத்தில். சட்டம் அதை நோட்டீஸ் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பணம் கட்ட இருக்கும் 15 நாளும் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். வழக்கு நடப்பது நிறுவனத்தின் வங்கிக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில். கணக்கு பெங்களூரில் இருந்தால் வாய்தாவுக்கு வாய்தா நீங்கள் பெங்களூர் போக வேண்டும். குற்றத்தை மறுத்தால், விசாரணை முடியும் முன்பே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை, அதாவது 60 ஆயிரம் வரை, இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சம்மனுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரன்ட். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி கேட்டு நிற்க வேண்டும். உங்கள் தொழிலில் வெளிநாட்டு வாய்ப்பு எந்த மாதம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். காசோலைகளின் எண்களைக் குறிப்பிட்டு, அவை வேலையில் சேரும்போது தொகையும் தேதியும் இல்லாமல் பாதுகாப்புக்காக வாங்கப்பட்டவை, 3 லட்சம் கடன் எதுவும் இல்லை, பயிற்சிச் செலவுக்குக் கணக்குத் தாருங்கள், காசோலைகளை வங்கியில் போடக் கூடாது என்று எழுத வேண்டும். அதன் நகலை இணைத்து, பணம் தர வேண்டாம் என்று உங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். இதனால் 138 வராது என்று எண்ண வேண்டாம், அப்போதும் வரலாம். ஆனால் கணக்கில் போதிய பணம் இருந்தது, கடன்தான் இல்லை என்று காட்டுவதற்கு அது வழி வைக்கும். கணக்கில் பணமில்லாமல் விட்டால் அந்த வாதமும் போய்விடும். கணக்கை மூடுவது அதைவிட மோசம்.

மின்னஞ்சலுக்கு அனுப்பிய கோப்புகளைப் பற்றி. வேலையில் இருக்கும்போது எழுதிய நிரலின் முதல் உரிமையாளர், பதிப்புரிமைச் சட்டப்படி, நிறுவனம். அனுமதியில்லாமல் நகலெடுத்ததாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைக் காட்டி அவர்கள் காவல் நிலையம் போக முடியும். அந்தக் கோப்புகளை யாருக்கும் காட்டாதீர்கள், புதிய அலுவலகக் கணினியில் திறக்காதீர்கள், பயந்து அழித்துவிடவும் வேண்டாம். என்னென்ன இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரிடம் முழுமையாகச் சொல்லிவிடுங்கள். கூடுதல் நேரத்துக்குச் சான்று தேட இது இடமும் அல்ல.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். நோட்டீஸ் காலத்தில் 40 நாள் பாக்கி, அதற்குச் சுமார் 43 ஆயிரம் நீங்கள் தர வேண்டியதே. அவர்கள் நிறுத்தி வைத்திருக்கும் 20 நாள் சம்பளம் சுமார் 21 ஆயிரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கை முடித்திருக்க வேண்டும். பேச்சில் அதைப் பயன்படுத்துங்கள். 50 ஆயிரத்தில் தொடங்கி 75 ஆயிரம் வரை போகலாம். நீங்கள் சொல்வதே நியாயமாக இருந்தாலும், வழக்குக்காக ஊர் விட்டு ஊர் அலையும் செலவே அதைத் தாண்டிவிடலாம்.

பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள், முன்கூட்டி அனுப்பவும் வேண்டாம். காசோலை எண்கள் எழுதிய சமரச ஒப்பந்தம், இரண்டு காசோலைகளின் அசல், பட்டச் சான்றிதழ், ரிலீவிங் லெட்டர் இவை நான்கும் மேசைக்கு வந்த பிறகு, அங்கேயே வரைவோலையைக் கொடுங்கள். காசோலையைத் தேடிக்கொண்டிருக்கிறோம், பிறகு கூரியரில் அனுப்புகிறோம் என்றால் வரைவோலையோடு எழுந்து வந்துவிடுங்கள்.