பழைய ஃபைபர் வள்ளம்: உள்ளே இருக்கும் மரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் வள்ளத்துக்கு வயசாகிவிட்டது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால், அதை மாட்டியிருக்கும் பின்பலகை ஆடுகிறது. போல்ட் ஓட்டையில் பழுப்புத் தண்ணீர் கசிகிறது. வெளியே இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டிவிட்டால் போதுமா? (குளச்சல்)

பதில்: போதாது. ஃபைபருக்குள் வைத்திருக்கும் பிளைவுட் ஊறி இற்றுப்போயிருக்கிறது. பழுப்புத் தண்ணீர் அந்த மரத்திலிருந்து வருவதுதான். மேலே மேட் போட்டால் எடை கூடும், பலம் கூடாது.

முதலில் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். சுத்தியல் பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும், கெட்ட இடத்தில் அமுங்கிக் கேட்கும். சந்தேகமான இடங்களில், குறிப்பாக அடிப்பகுதியில், உள்பக்கமிருந்து 6 மி.மீ. துளை போடுங்கள். வெளித்தோலைத் துளைக்காமல் நிறுத்துங்கள். தூள் வெளிறி உலர்ந்து வந்தால் மரம் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் மாற்றத்தான் வேண்டும்.

உள்தோலை வெட்டி, இற்ற மரத்தை முழுக்கச் செதுக்கி எடுங்கள். வெளித்தோலை விட்டுவைத்தால் புதுப் பலகைக்கு அதுவே அச்சு. எஞ்சின் கிளாம்ப் சரியாக உட்கார வேண்டும் என்பதால் பழைய கனத்தையே வையுங்கள். பிளையில் ஐ.எஸ். 710 (கடல் வேலைக்கான பிளைவுட்டின் இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில் ரெசினை (ஃபைபர் வேலைக்கான பிசின்) நன்றாகக் குடிக்கவிட்ட பிறகே பொருத்துங்கள்.

இனி போல்ட் ஓட்டை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் இங்கேதான். போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்து, பவுடர் சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்சி ரெசினால் அடையுங்கள். இறுகியதும் அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளையுங்கள். அப்புறம் சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கேள்வி: அடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள் இரண்டும் போய்விட்டன. ஒரே நேரத்தில் வெட்டி எடுத்து மாற்றலாமா? (தேங்காய்ப்பட்டணம்)

பதில்: ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அடிப்பாகம் வளையாமல் பிடித்துவைத்திருப்பது அந்த விட்டங்கள்தான். கடற்கரை மணலில் கிடத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. மணல் இளகி வள்ளம் கோணினால், கோணியபடியே புது விட்டம் ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த எஞ்சின் வைத்தாலும் ஓட்டம் சரிவராது. சமதளத்தில் பல இடங்களில் முட்டுக்கொடுத்து, குறுக்கே நூல் கட்டி அளவெடுத்த பிறகு வெட்டுங்கள்.

விட்டத்தின் அடி நேராக ஃபைபரில் முட்டக் கூடாது, அலை அடிக்கும்போது அந்த வரியில் விரிசல் விடும். கீழே மெல்லிய ஃபோம் பட்டை வைத்து, மூலையைக் கெட்டி ரெசினால் நிரப்பி வளைவாக்கிவிடுங்கள். மேலே போடும் ஒவ்வொரு மேட்டும் முந்தையதைவிட அகலமாக இருக்கட்டும்.

கேள்வி: எந்த ரெசின் நல்லது, பாலியஸ்டரா, எபாக்சியா? (மணக்குடி)

பதில்: பழைய ஃபைபரில் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், விலைதான் அதிகம். பின்பலகைக்கும் விட்டத்துக்கும் அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. ஆனால் சாதாரண சாப்டு மேட்டை (நறுக்கிய இழைகளைப் பசையால் ஒட்டிய மேட்) எபாக்சியோடு சேர்க்காதீர்கள். அதன் பசை கரைய ரெசினில் ஸ்டைரீன் வேண்டும், எபாக்சியில் அது இல்லை. நெய்த துணியையே போடுங்கள். எபாக்சி மேல் பிறகு பாலியஸ்டர் போட்டால் பிடிப்பு குறையும். எதைப் போட்டாலும் பழைய பரப்பை முதலில் அசிடோனால் துடைத்து, பிறகு கிரைண்டரால் தேய்த்து, 1 மி.மீ. கனத்துக்கு 12 மி.மீ. சரிவு கொடுங்கள். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

கேள்வி: ஆடி மாதம் போட்ட பாலியஸ்டர் ரெசின் இன்னும் பிசுபிசுக்கிறது. (முட்டம்)

பதில்: காற்றுப் படும் மேல்பரப்பு ஒட்டுவது பாலியஸ்டரின் இயல்பு. கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்த்தால் சரியாகிவிடும். உள்ளேயும் இளகியிருந்தால் ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) குறைவு, அல்லது ஈரம். அதைச் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கோபால்ட்டையும் (இறுகும் வேகத்தைக் கூட்டும் திரவம்) ஹார்ட்னரையும் நேராக ஒன்றாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசியாக ஹார்ட்னரை ஊற்றுங்கள்.