இளைப்புக்கு எதிர்ப்புச் சக்தி டானிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. காலையில் அடுக்குத் தும்மல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு நேர இளைப்பு. இரத்தத்தில் ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருள் அதிகம் என்று கூறி, தினமும் உறிஞ்ச ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இப்படி, டானிக் வாங்கிக் கொடு என்கிறார் மாமியார். இன்ஹேலர் பழகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. – வாசகி, கடலூர் முதுநகர்.

பதில்: உங்கள் மகனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை. தீங்கற்ற ஒரு தூசிப் புரதத்தைக் கிருமிக்கு நிகராக எண்ணி, அது வேண்டாத இடத்தில் வேகம் காட்டுகிறது. டானிக்கால் இந்த இளைப்பு குறையாது.

மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களின் மேற்பரப்பில், ஐஜிஇயை இறுகப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் புரதம் அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇக்களை ஒருசேரப் பிணைக்கும்போது, அவற்றைத் தாங்கும் ஏற்பிகளும் நெருங்கிவந்து செல்லைத் தூண்ட, சில நிமிடங்களில் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் ஆகிய வேதிப்பொருள்கள் வெளியேறித் தும்மலும் நெஞ்சு இறுக்கமும் உண்டாகின்றன. அதோடு முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் வந்து குவிய, மூச்சுக்குழாய் உள்ளே வீங்குகிறது. பகலில் பரணைத் துடைத்தால் இரவில் பிள்ளைக்கு இழுப்பது இதனாலும்தான். அப்போது சுரக்கும் இன்டர்லூகின் 4 என்னும் தூதுப் புரதம் மேலும் ஐஜிஇ உருவாகத் தூண்டுகிறது. இன்டர்லூகின் 13 சளியைப் பெருக்குகிறது.

மாஸ்ட் செல் வகை அணுக்களில், தூண்டும் ஏற்பிகளோடு அடக்கும் ஏற்பிகளும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஐஜிஜி என்னும் வேறொரு எதிர்ப்பொருள் அதே தூசிப் புரதத்தைப் பற்றினால், அடக்கும் ஏற்பி தூண்டும் ஏற்பியின் பக்கத்தில் இழுக்கப்பட்டு, செல்லின் கிளர்ச்சி தணிகிறது. ஒவ்வாமைப் பொருளைச் சிறுகச் சிறுகக் கொடுத்து ஏறத்தாழ 3 ஆண்டுகள் தொடரும் இம்யூனோதெரபியின் பயனுக்கு, அது இந்த ஐஜிஜியைக் கூட்டுவதும் ஒரு காரணம். நம் சக்தியைக் கூட்டுவது என்று சொல்வதானால், எனக்குத் தெரிந்து பொருத்தமானது இதுதான்.

இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டும் ஓர் ஏற்பியின் வழியாகவே வேலை செய்கிறது. செல்லுக்குள் இருக்கும் அந்த ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குச் சென்று, அழற்சியை வளர்க்கும் மரபணுக்களைத் தணிக்கிறது. இதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இன்று இளைப்பு இல்லையே என்று நிறுத்திவிடக் கூடாது. மைக்ரோகிராம் அளவிலேயே மருந்து செல்கிறது. அது போதைப்பொருளைப் போலப் பழகுவதும் இல்லை. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பட்டும். இளைப்பு வந்ததும் உடனே தணிக்கும் சால்பியூட்டமால் மருந்து மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடாது.

கடற்காற்றின் ஈரத்தில் தூசி உண்ணிகள் நன்றாகப் பெருகும். தலையணை உறை, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் நன்கு காயவையுங்கள். உண்ணியின் புரதங்களுள் ஒன்று இறாலின் தசைப் புரதத்தை ஒத்தது. இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்று பையன் சொன்னால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அரிப்பு இல்லையென்றால் நிறுத்த வேண்டியதில்லை.

பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, சால்பியூட்டமாலைக் கொடுத்துக்கொண்டே அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.