பமுக்கலே: முதலில் தியேட்டர், அப்புறம் தண்ணீர்

கேள்வி: மே மாதம் துருக்கி போகிறோம். பமுக்கலேக்கு ஒரு நாள்தான். பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. வெள்ளைப் படிக்குளங்களையும் பழைய ஹைராபோலிஸ் நகரத்து இடிபாடுகளையும் அழவைக்காமல் காட்டிவிட முடியுமா? – வாசகி, கோவை

பதில்: முடியும். எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம்.

ஊர்ப்பக்கத்துக் கீழ்வாசலில் நுழைந்தால் வெள்ளைச் சரிவு முழுக்க வெறுங்காலோடு ஏற வேண்டும். செருப்புக்கு அங்கே தடை. சுண்ணாம்பு படிந்து இறுகிய தரை சில இடங்களில் அரம் மாதிரி உறுத்தும், பாசி பிடித்த இடத்தில் வழுக்கும். சின்னது பாதியில் "தூக்கு" என்றால் மாட்டிக்கொள்வீர்கள். வடக்கு வாசலில் 1,200க்கும் மேற்பட்ட பழங்கல்லறைகள் உண்டு, ஆனால் நடை அதிகம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தெற்கு வாசல்தான் சரி.

திறந்ததுமே தியேட்டருக்கு, அதாவது ஹைராபோலிஸின் பழைய திறந்தவெளி அரங்கத்துக்கு, போய்விடுங்கள். அங்கே நிழல் கிடையாது. தவிர, தண்ணீரில் இறங்கிய பிள்ளையை அப்புறம் கல் பார்க்கக் கூப்பிட முடியாது. பெரியவனுக்கு (அல்லது பெரியவளுக்கு) புளூட்டோனியத்தைக் காட்டுங்கள். பாதாள தேவனின் வாசல் என்று பண்டைக் காலத்தார் நம்பிய குகை. உள்ளே விட்ட காளைகள் விழுந்து சாகும், பூசாரிகள் உயிரோடு திரும்புவார்கள் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். பூமியிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டியே தேங்கும். காளையின் மூக்கு தாழ்வில், பூசாரியின் மூக்கு உயரத்தில்! அதே கணக்கில் சின்னப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். தடுப்பைத் தாண்ட விடாதீர்கள்.

அடுத்து, பழைய தூண்கள் மூழ்கிக் கிடக்கும் குளம். இதற்குத் தனிக் கட்டணம். தண்ணீர் ஏறத்தாழ 36 டிகிரி. ஆழம் சீராக இருக்காது, தூண்கள் வழுக்கும். சின்னதுக்குக் கைப்பட்டை போதாது, மிதவைச் சட்டை போடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேற்றிக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். வெந்நீருக்குள் வியர்ப்பது தெரியாது.

உச்சிவெயிலில் வெள்ளைத் தரை கண்ணைக் கூசவைக்கும். அந்நேரம் பழைய ரோமானியக் குளியல்கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். படிக்குளங்களுக்கு 4 மணிக்கு மேல் வாருங்கள். குளிர்கண்ணாடி, செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, கால் துடைக்கத் துண்டு போதும்.

கேள்வி: படங்களில் எல்லாக் குளமும் நிரம்பியிருக்கிறது. போய் வந்தவர்கள் பாதி வறண்டு கிடந்தது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஊற்றுநீரை முறைவைத்துத் திருப்பிவிடுகிறார்கள். ஓடும் நீரிலிருந்து கரியமில வாயு பிரிய, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளையாகப் படிகிறது. ஒரே இடத்தில் ஓயாமல் ஓடினால் பாசி படர்ந்து நிறம் கெடும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.