பாத்டப் மாற்ற டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீடு. மாடிக் குளியலறையில் இருபது வருடப் பழைய பாத்டப்பை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறோம். பழைய வேஸ்ட் பைப்பிலேயே இணைத்தால் 1,02,000 ரூபாய், பைப்பையும் மாற்றினால் 1,20,000 ரூபாய் என்கிறார் பிளம்பர். வங்கியில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது (7 சதவீதம், இரண்டு வருடத்தில் 16 மாதம் முடிந்தது). அதை உடைக்கவா, 14 சதவீதத்தில் பெர்சனல் லோன் எடுக்கவா? அந்த 18,000-ஐ மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 18,000-இல் கை வைக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால் டப்பின் விலையிலோ குழாய்களின் பளபளப்பிலோ குறையுங்கள். பக்கச்சுவர் கட்டி டைல் ஒட்டிய பிறகு வேஸ்ட் பைப்பைத் தொட வேண்டுமானால் அத்தனையையும் உடைக்க வேண்டும். கசிவு இருப்பது கீழறை சீலிங் நனைந்த பிறகுதான் தெரியவரும். போர் தண்ணீர் ஓடிய பழைய பைப் என்றால் உள்ளே உப்பும் சோப்பும் படிந்து வழி குறுகியிருக்கவும் கூடும்.

அந்த 18,000-க்கு என்னென்ன செய்வார் என்று எழுதி வாங்குங்கள். டப்பிலிருந்து 40 மி.மீ. வேஸ்ட், ஓவர்ஃப்ளோவோடு (டப் நிரம்பி வழியாமல் தண்ணீர் வெளியேறும் மேல் துளை) சேர்த்து. அங்கிருந்து 50 மி.மீ. பிவிசி பைப், 40-க்கு 1 சரிவில். 8 அடி ஓடினால் சுமார் 60 மி.மீ. இறக்கம் வேண்டும். சரிவு குறைந்தால் அழுக்கு தங்கும். துர்நாற்றத்தைத் தடுக்க டிராப்பில் (பைப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். ஆனால் தரை நஹானி டிராப்பில் (குளியலறைத் தரைத் துளைக்குக் கீழே இருக்கும் டிராப்) போய் விழும் பைப்புக்கு டப்பின் அடியிலும் ஒரு டிராப் வைத்துவிடுவார்கள். நடுவில் காற்று அடைபட்டு டப் வடிய நேரம் பிடிக்கும். ஒன்று போதும். பின்னால் பைப்பைப் பார்க்க வசதியாக, டப்பின் பக்கச்சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி கழற்றும் மூடியையும் கேளுங்கள்; பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

டப் வாங்கும் முன் வடியும் துளை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பாருங்கள். மாறிவிட்டால் ஐந்தடி வரை பைப் நீளலாம், சரிவுக்கே கூடுதலாகச் சுமார் 40 மி.மீ. ஆழம் தேவைப்படும். ஸ்லாப் அந்த அளவுக்கு இறக்கிப் போட்டதில்லையென்றால் டப்பையே மேடை கட்டி உயர்த்த வேண்டியதுதான்.

இனி பணம். டெபாசிட்டை உடைத்தால் வழக்கமாக வட்டியில் 1 சதவீதம் வரை குறைப்பார்கள். 3 லட்சத்துக்கு 16 மாதத்தில் சுமார் 4,000 ரூபாய் போகும். பெர்சனல் லோன் 1,20,000-ஐ மூன்று வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 4,100, வட்டி மட்டும் 27,000-க்கு மேல். அது வேண்டாம். டெபாசிட்டின் மேலேயே கடன் கேளுங்கள். பெரும்பாலும் டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் அதிகம் வாங்குவார்கள். 8 சதவீதம் என்றே வைத்தால் மீதி 8 மாதத்துக்கு 6,400 ரூபாய் வட்டி. அதே 1,20,000-க்கு டெபாசிட்டில் 5,600 வரவு வருவதால் கைச்செலவு 800 ரூபாய்தான். முதிர்ந்ததும் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

கூலியில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். டைல் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங்கின் மேல் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். டப் பொருத்திய பின், பக்கச்சுவர் மூடி திறந்திருக்கும்போதே டப்பை ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி, வடியும் துளையை ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். குழாயைச் சொட்டவிட்டுப் பார்த்தால் இணைப்பின் கசிவு தெரியாது, முழு ஓட்டத்தில்தான் தெரியும். இரண்டும் தேறினால் மீதியைக் கொடுங்கள்.