ஒலிவியரின் அப்பா போட்ட நிபந்தனை

ஐயா, பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் முடித்ததும் நடிப்புதான் படிப்பேன் என்று மகன் அடம்பிடிப்பதாகவும், கேட்டால் புகழ்பெற்ற ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியரைக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காட்டட்டும். ஆஸ்கரையும் பிரபு பட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒலிவியர் 17 வயதில் என்ன செய்தார் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அவருடைய அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார், கடுஞ்சிக்கனம். அண்ணன் இந்தியாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கிளம்பினான். நானும் எப்போது போகலாம் என்றான் தம்பி. முட்டாளே, நீ மேடைக்குப் போகிறாய் என்றார் அப்பா. கூடவே நிபந்தனையும் போட்டார்: கல்விக் கட்டணத்துக்கு உதவித்தொகை மட்டும் போதாது, செலவுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டும் பள்ளியே தர வேண்டும். 1924இல் லண்டனில் சென்ட்ரல் ஸ்கூல் என்ற நடிப்புப் பள்ளியில், அதன் தலைவி எல்சி ஃபோகர்ட்டி முன்னால் நடித்துக் காட்டி, பையன் இரண்டையும் வாங்கினான். தடுக்கவும் இல்லை, கடன்படவும் இல்லை. அந்த அப்பாவிடம் கற்க நிறைய இருக்கிறது.

உண்மையான படிப்பு அதற்குப் பிறகுதான். 1926 முதல் 1928 வரை பர்மிங்ஹாம் ரெப்பர்டரி குழுவில், அதாவது நாடகங்களை மாற்றி மாற்றிப் போடும் நிரந்தரக் குழுவில், விதவிதமான வேடங்கள். அப்படியும் 1935இல் சக நடிகர் ஜான் கீல்குட்டின் இயக்கத்தில் ரோமியோவாக வந்தபோது, செய்யுளைச் சொல்லத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். பர்மிங்ஹாமில் சேர்ந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு கிடைத்த அடி அது! இரண்டே ஆண்டில் லண்டனின் ஓல்டு விக் நாடக அரங்கில் ஹாம்லெட். 1944இல் அதே ஓல்டு விக்கின் நிர்வாகத்தில் ஒருவர். 1948இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோதே பதவி போனது. 1963 முதல் 1973 வரை பிரிட்டனின் நேஷனல் தியேட்டரின் முதல் இயக்குநர். அந்தப் பதவியில் இருந்தபோதும் சில ஆண்டுகள் மேடை பயம் அவரை ஆட்டிப்படைத்தது.

இன்று சிக்கல் எங்கே என்றால், அந்த மாதிரி நிரந்தரக் குழுக்கள் பெரும்பாலும் இல்லை. படிப்பு முடிந்ததும் பயிற்சியும் சம்பளமும் ஒரே இடத்தில் கிடைக்காது. வாடகைக்கு வேறு வேலை வேண்டும். ஆடிஷனுக்கு, அதாவது நடித்துக் காட்டும் தேர்வுக்கு, அழைப்பு வந்தால் விடுப்பு தரும் வேலையாகவும் அது இருக்க வேண்டும்.

நடிப்புப் பள்ளியில் சேர்வதற்கான ஆடிஷனுக்குப் பொதுவாக ஒரு பழைய நாடகம், ஒரு நவீன நாடகம் என இரண்டு தனிப்பேச்சு கேட்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். பிள்ளைகள் சறுக்குவது பேச்சைத் தேர்ந்தெடுத்துத் தயாராவதில்தான்: 18 வயதில் ஷேக்ஸ்பியரின் கிழவர் லியர் மன்னனை எடுப்பது, சினிமாவில் பார்த்த நடிப்பை அப்படியே பிடிப்பது, முழு நாடகத்தையும் படிக்காமல் பேச்சை மட்டும் மனப்பாடம் செய்வது. வேறு மாதிரி செய்து காட்டு என்று நடுவர் சொன்னதும் மனப்பாடம் உடைந்துவிடும். அவன் வயதை ஒட்டிய பாத்திரமே போதும்.

நான்கைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு எங்கும் கிடைக்காமல் போவது சகஜம். அதை வைத்துத் திறமையை எடைபோடாதீர்கள். பட்டப்படிப்பு என்றால் அரசு மாணவர் கடன் பெறலாம். பட்டப்படிப்புக்கு முன் தயார்ப்படுத்தும் ஓராண்டு ஃபவுண்டேஷன் வகுப்புகளில் பலவற்றுக்கு அது கிடையாது, கட்டணமோ கையைக் கடிக்கும். எந்தப் படிப்புக்குக் கடன் உண்டு என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுங்கள்.