கராஜ் பட்டறைக்குப் பெரிய ஹீட்டர் வாங்கும் முன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்துங்கள்

வீட்டு கராஜில்தான் மரவேலை செய்கிறேன், குளிர்காலம் வந்தால் உளி பிடிக்கக்கூட முடியாமல் கை விறைக்கிறது, செலவழிக்க அதிகம் இல்லை, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே இடத்தில் நின்றவன்தான். முதல் குளிர்காலத்தில் நான் செய்தது, புகைபோக்கி இல்லாத ஒரு கேஸ் ஹீட்டரை வாங்கி நடுவில் வைத்தது. மாலையில் இரண்டு மணி நேரம் எரியும், சட்டையோடு நின்று வேலை செய்யலாம். காலையில் போய்ப் பார்த்தால் டேபிள் சாவின், அதாவது மேசையோடு சேர்ந்த மின்ரம்பத்தின், வார்ப்பிரும்பு மேடை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். துணியால் துடைத்தேன். ஒரு வாரத்தில், துடைப்பதற்குக் கை எட்டாத ஓரங்களில் காவி நிறப் புள்ளிகள் விழுந்துவிட்டன. இழைப்புளியின் அலகிலும் அதே கதை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. இத்தகைய ஹீட்டரில் எரியும் புரொப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. புகைபோக்கி இல்லாவிட்டால் அவ்வளவும் அறைக்குள்ளேயே தங்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும் சாதாரணக் காற்றே 9 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். காற்று பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், கனமான இரும்பு மணிக்கணக்கில் குளிர்ந்தேதான் கிடக்கும். ஆக, ஈரத்தைக் கொண்டுவந்து என் கருவிகளின்மேல் நானே ஊற்றியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. இத்தகைய ஹீட்டரை மூடிய கராஜில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

அதனால் என் பதில் இதுதான்: சூட்டை உண்டாக்கப் பணம் போடும் முன், இருக்கிற சூடு ஓடிப்போகாமல் தடுக்கப் பணம் போடுங்கள். அதிலும் முதலில் காற்று, அடுத்து கூரை, பிறகு கதவு. சுவரைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்று வீசும் ஒரு நாளில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கொண்டு ஓரமாக நடந்து வாருங்கள். மரத்தூள், தின்னர் எல்லாவற்றையும் முன்பே அப்புறப்படுத்திவிடுங்கள். நேராக எழும் புகை திடீரென்று உள்பக்கம் சாயும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. என் கராஜில் பதினோரு கோடுகள் விழுந்தன. மோசமான இடம் பெரிய கதவின் இடது கீழ் மூலை. அங்கே தரை சற்று இறங்கியிருந்ததால், மூடிய கதவுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. மற்றவை கதவின் இரு பக்கங்கள், மேல் விளிம்பு, சுவர் தரையில் உட்காரும் கோடு, மின்குழாய் சுவரைத் துளைத்துவரும் ஓட்டை.

கதவின் அடியில் இருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். தரை சமமாக இல்லையென்றால், கதவு வந்து உட்காரும் இடத்தில் தரையோடு ஒட்டும் ரப்பர் பட்டை கிடைக்கிறது. அதையும் சேர்த்துப் போட்டால் மேடுபள்ளம் சரியாகிவிடும். பக்கங்களுக்கு நாக்கு போல் வளைந்து கதவைத் தொடும் பட்டை, சிறிய இடுக்குகளுக்கு சீலன்ட், பெரிய ஓட்டைகளுக்கு ஸ்ப்ரே ஃபோம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கராஜில் பாய்லரோ கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரோ இருந்தால், அதற்காக விடப்பட்ட காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

இந்த வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. வித்தியாசம் அன்றே தெரிந்தது.

அடுத்தது கூரை. சூடான காற்று மேலேதான் போகும், அங்கே வெறும் ஓடோ தகரமோ இருந்தால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் போதாது. கூரைச் சட்டங்களுக்கு இடையே ராக் வூல் (கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு) வையுங்கள். இடம் போதவில்லை என்று அமுக்கித் திணிக்காதீர்கள், அதற்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றுதான் வெப்பத்தைத் தடுப்பது. அமுக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். மேல்தளத்துக்கும் ராக் வூலுக்கும் நடுவே சுமார் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் வெளிக்காற்று ஓடவும் வழி விடுங்கள். இல்லாவிட்டால் அங்கே தேங்கும் ஈரம் மரத்தை அழுக வைக்கும். அறையைப் பார்த்த பக்கம், அதாவது சூடான பக்கம், பாலிதீன் தாள் ஒன்றை இழுத்துக் கட்டி, இணைப்புகளை டேப்பால் ஒட்டுங்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம்.

கதவுக்கு வருவோம். எல்லோரும் ஏமாறும் இடம் இது. ஒற்றைத் தகடு இரும்புக் கதவு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால், காற்றுக் கசிவைக் கணக்கில் எடுக்காமலே ஏறக்குறைய 440 வாட் அதன் வழியாகப் போகிறது. 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் பலகை வைத்தால் அது 90 வாட்டுக்கு இறங்கிவிடும். 50 மில்லிமீட்டர் வைத்தால் 50 வாட். முதல் அங்குலம் 350 வாட்டை மிச்சப்படுத்துகிறது, இரண்டாவது அங்குலம் 40 வாட்டைத்தான். கையில் கொஞ்சம் பணம் இருப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். மிஞ்சுகிற பணத்தைக் கூரையில் போடுங்கள்.

மடிந்து மேலே போகும் கதவு என்றால், கதவின் ஒவ்வொரு பலகைக்கும் தெர்மாகோலைத் தனித்தனியாக வெட்டி அதன் சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருத்துங்கள். இரண்டு கதவுப் பலகைகள் சேரும் இடத்தை மூடினால் கதவு வளையாது. வெட்டும்போது அளவைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் பசையே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். தெர்மாகோல் மொத்தம் இரண்டு, மூன்று கிலோதான் கூடும், ஆனாலும் ஸ்பிரிங்கின் சமநிலையைச் சோதியுங்கள். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவை மெதுவாகப் பாதி உயரத்துக்குத் தூக்குங்கள். கை தாங்கியபடியே பிடியைத் தளர்த்தினால் அங்கேயே நிற்க வேண்டும். இறங்கினால் ஆள் கூப்பிடுங்கள். கதவுக்கு மேலே முறுக்கி வைத்திருக்கும் அந்த ஸ்பிரிங்கை நீங்களாகத் தொடவே வேண்டாம், அது ஆளைக் கொல்லும் விசை கொண்டது.

வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழி உறையை வாங்கி அப்படியே தகட்டில் ஒட்டுபவர்கள் உண்டு. முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அந்தப் பளபளப்புக்குப் பயன். நேராக ஒட்டினால் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஒட்டியதற்குச் சமம்.

தெர்மாகோல் போன்ற ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், எரியும் புகையும் நச்சு. சுவரில் வைத்தால் மேலே ஜிப்சம் பலகை அடித்து மூடியே ஆக வேண்டும். கதவில் அந்த எடையை ஏற்ற முடியாது என்பதால், அங்கே மட்டும் ஃபாயில் முகப்பும் தீத்தடுப்புச் சான்றும் உள்ள பலகையைத் தேடி வாங்குங்கள், கிரைண்டரையும் வெல்டிங்கையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: பிவிசி உறை போட்ட மின்கம்பி தெர்மாகோலைத் தொட்டபடி வருடக்கணக்கில் கிடந்தால், அந்த உறையிலிருக்கும் மென்மையாக்கும் பொருள் தெர்மாகோலுக்குள் போய்விடும், உறை விறைத்து வெடிக்கும். கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

தரைக்கு, நீங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் ஒன்றோடொன்று கோக்கும் ரப்பர் பாய் போதும். கால் சூடாக இருந்தால் உடம்பு பாதிக் குளிரை மறந்துவிடும். கராஜ் பெரிதென்றால் கனத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டு, வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஹீட்டர். பணிமேசைக்கு மேலே மாட்டும் மின்சார இன்ஃப்ராரெட் ஹீட்டர் எனக்குப் போதுமாக இருக்கிறது. அது காற்றைச் சுடவைப்பதைவிட ஆளையும் மேசையையும் நேராகச் சுடவைக்கிறது, ஈரத்தையும் சேர்ப்பதில்லை. டேபிள் சா மேடைக்கு மெழுகு பூசி, வேலை முடிந்ததும் ஒரு போர்வையைப் போட்டு மூடிவைக்கிறேன். புதிய புள்ளி எதுவும் விழவில்லை.

மரப்பசையையும் தண்ணீரில் கலக்கும் பெயின்டையும் இரவில் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள். வெள்ளை மரப்பசைகள் பல 10 டிகிரி அளவுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, காய்ந்த கோடு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அந்த இணைப்பு தாங்காது. டப்பாவில் குறைந்தபட்ச வெப்பநிலை போட்டிருக்கும். அது காற்றுக்கு மட்டுமல்ல, ஒட்டப்போகும் மரத்துக்கும்தான், அதனால் பலகைகளையும் முதல் நாளே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.